சண்முகப்ரியா பெயரில் ஒரு ஸ்கேன்

தேவயானியை முதல் நாளே நான் திட்டிவிட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் அவள் வீட்டு மனிதர்களை வாய்க்கு வந்தபடி பேசப்போகிறேன். அப்போது இந்தம்மா மட்டும் என்ன ஒழுங்கு என்று யாரும் கேட்டுவிடக் கூடாது.

நான் பிசியோதெரபிஸ்ட். என் வீட்டுக்காரருக்குச் சுரங்கத்தில் வேலை. தென்காசிப் பக்கமிருந்து நெய்வேலிக்கு வந்து பதினாறு வருஷமாகிறது. டவுன்ஷிப்புக்கு வெளியே கடைகள் இருக்கிற தெருவில் ஒரு அறையை வாடகைக்கு எடுத்து, கை கால் சரியாக வராத குழந்தைகளுக்குப் பயிற்சி கொடுக்கிறேன். வருகிற அம்மாக்களில் பாதிப் பேர் என்னை மேடம் என்பார்கள், மீதிப் பேர் அக்கா என்பார்கள். என் முன்கோபம் தெரிந்தவர்கள் எப்படியும் கூப்பிடாமல் நேராக விஷயத்துக்கு வந்துவிடுவார்கள்.

போன வருஷம் ஆடி மாசத்தில் தேவயானி தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒன்பது மாதத் தடுப்பூசி போடப் போன இடத்தில், பிள்ளைக்கு இன்னும் தலை நிற்கவில்லை என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தார். பெயர் விஜயராஜ். பாயில் படுக்க வைத்துக் கையைப் பிடித்துத் தூக்கிப் பார்த்தேன். தலை ஈரத்துண்டு மாதிரி பின்னால் தொங்கியது. இரண்டு கையும் இறுக மூடியிருந்தன, கட்டைவிரல் உள்ளே மடங்கியிருந்தது. எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது.

"ஒம்பது மாசமா என்னம்மா செஞ்சிக்கிட்டு இருந்தே? நாலாவது மாசத்துலயே தெரிஞ்சிருக்குமே. பிள்ளைய ஒழுங்கா பாத்தியா இல்லியா?"

அவள் அழவில்லை. கீழே கிடந்த பிள்ளையை எடுக்கக் குனிந்தவள், முதலில் இரண்டு உள்ளங்கையிலும் ஒரு பழைய வேட்டித் துணியை விரித்துக்கொண்டு, அதற்கு மேல் பிள்ளையை ஏந்தினாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. துணி எதற்கு என்று கேட்டேன்.

துணியை விலக்கிக் கையைக் காட்டினாள். விரல் நுனியெல்லாம் பழைய கறை ஏறிக் கறுத்து, தோல் உரிந்து உரிந்து தடித்திருந்தது.

"முந்திரி ஒடைச்ச கைங்க மேடம். அந்த ஓட்டுல இருக்கற எண்ணெதான் புள்ளைக்கி எறங்கிடுச்சின்றாங்க. பொறந்து இருவதாம் நாளு மூக்கு, கன்னமெல்லாம் கருகுன மாதிரி ஆயிடுச்சு. எங்க அத்த அதப் பாத்துட்டுதான் சொன்னாங்க, ஒன் கையால தொட்டுத் தொட்டுதான் புள்ளைக்கி வெசம் ஏறிடுச்சின்னு."

ஒன்பது மாதமாகத் தன் பிள்ளையை வெறும் கையால் அவள் தொடவில்லை. குளிப்பாட்டுவதும் எண்ணெய் தேய்ப்பதும் மாமியார் பட்டம்மாள்தான். நான் அந்தத் துணியைப் பிடுங்கிக் குப்பைக் கூடையில் போட்டேன். பிரசவத்தின்போது காய்ச்சல் இருந்ததா என்று கேட்டேன்.

"ஆமாங்க. ஐப்பசி மாசம் பண்ருட்டிப் பக்கமெல்லாம் அந்தக் காச்சல்தான். வலி எடுக்கறதுக்கு மொத நாளே எனக்கு முட்டிக்கு முட்டி புடிச்சிகிச்சு. ஒக்காந்தா எழுந்திரிக்க முடியல."

சிக்குன்குன்யா. பிரசவ நேரத்தில் தாயின் ரத்தத்தில் அந்த வைரஸ் இருந்தால் பிள்ளைக்கும் போய்விடலாம். பிறக்கும்போது பிள்ளை நன்றாகத்தான் இருக்கும். மூன்றாம் நாள், நாலாம் நாள் காய்ச்சல் வரும், பால் குடிக்காது, சில பிள்ளைகளுக்கு வலிப்பு வரும், மூக்கு கறுக்கும். மூக்குக் கறுப்பு சில மாதத்தில் போய்விடும். மூளைக்குள் போயிருந்தால் அது போகாது. இதையெல்லாம் அவளிடம் சொல்லி, முந்திரி எண்ணெய்க்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை என்று மூன்று தடவை சொன்னேன். அவள் நம்பினாளா என்று தெரியவில்லை. மூளை ஸ்கேன் எடுத்தார்களா என்று கேட்டேன்.

"பாண்டிச்சேரில எடுத்தாங்களாம். நார்மல்னு சொல்லிட்டாங்களாம்."

ஒவ்வொன்றுக்கும் அவள் 'களாம்' போட்டதை அப்போதே நான் கவனித்திருக்க வேண்டும்.

வாரத்துக்கு மூன்று நாள் வந்தாள். பிள்ளைக்குப் பயிற்சி கொடுக்கும்போது கொஞ்சம் கொஞ்சமாகத் தன் கதையைச் சொன்னாள். முத்தாண்டிக்குப்பத்துப் பெண். பன்னிரண்டாவதில் நல்ல மார்க். லேப் டெக்னீஷியன் படிக்க ஆசைப்பட்டிருக்கிறாள். அப்பா மருதமுத்து, பார்க்கலாம் பார்க்கலாம் என்று இரண்டு வருஷம் முந்திரி உடைக்க அனுப்பினார். அந்த வேலையில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லையாம், பருப்பு உடையாமல் முழுசாக எடுப்பாளாம். அதைச் சொல்லும்போது மட்டும் முகத்தில் ஒரு பெருமை வந்துபோகும். பிறகு அருளுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். அருள் நல்லவன், குடிக்க மாட்டான், கை நீட்ட மாட்டான். மூட்டுவலி வந்தபோது அவளுக்குத் தலை வாரிப் பின்னிவிட்டவன் அவன்தான். இதை அவள் என்னிடம் நான்கைந்து தடவையாவது சொல்லியிருப்பாள்.

நெய்வேலியில் இல்லாதவர்களுக்கு அடுத்த விஷயத்தைக் கொஞ்சம் விளக்க வேண்டும். இந்த ஊரில் ஆணும் பெண்ணும் என்று மனிதர்கள் இரண்டு வகை இல்லை; பெர்மனென்ட், கான்ட்ராக்ட் என்று இரண்டு வகை. அருளின் அப்பா ராஜாங்கத்தின் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது வீட்டுக்கு ஒரு வேலை கிடைத்தது. அது மூத்தவன் செந்தில்நாதனுக்குப் போனது. அவனுக்குக் குவார்ட்டர்ஸ், குடும்பத்துக்கே கம்பெனி ஆஸ்பத்திரியில் இலவச வைத்தியத்துக்கு மெடிக்கல் கார்டு, எல்லாம் உண்டு. அருள் அதே சுரங்கத்தில், அதே தூசியில், கான்ட்ராக்ட். அந்த வேலையும் அண்ணன் யாரிடமோ சொல்லி வாங்கிக் கொடுத்தது. தங்குவது அண்ணன் குவார்ட்டர்ஸின் பின்பக்கம் ஷீட் போட்டு இறக்கிய ஒரு அறையில்.

அண்ணன் மனைவி சண்முகப்ரியாவுக்கும் அதே ஐப்பசியில், பதினோரு நாள் முன்னதாக, ஆண் குழந்தை பிறந்திருந்தது. தேவயானியின் பிள்ளைக்கு நாலாம் நாள் வலிப்பு வந்ததும் வீடே பதறியது. அப்போது செந்தில்நாதனுக்கு ஒரு யோசனை தோன்றியது. பச்சைக் குழந்தைக்கு ஆஸ்பத்திரியில் பெயர் கிடையாது, அம்மா பெயரை எழுதி 'குழந்தை' என்று போடுவார்கள். தன் கார்டில் 'சண்முகப்ரியா குழந்தை' என்று புதிதாகப் பதிவாகியிருக்கிறது. இந்தக் குழந்தையை அந்தப் பெயரில் காட்டினால் கம்பெனி செலவிலேயே வெளியே அனுப்பி வைக்கிற ரெஃபரல் கிடைக்கும், பாண்டிச்சேரியில் பெரிய ஆஸ்பத்திரிக்கே போய்விடலாம். கடலூர் அரசு ஆஸ்பத்திரிக்கு தேவயானி பெயரிலேயே போயிருந்தால் இந்தப் பொய் எதுவுமே வேண்டியிருக்காது. ஆனால் கார்டு இருக்கும்போது அரசு ஆஸ்பத்திரிக்குப் போவதை இந்த ஊர்க்காரர்கள் கௌரவக் குறைச்சலாக நினைப்பார்கள்.

எல்லோருக்கும் அது பெரிய உதவியாகத்தான் பட்டது. தேவயானிக்கும்தான். "மாமா தெய்வம் மாதிரிங்க" என்றுதான் செந்தில்நாதனைப் பற்றி என்னிடம் சொன்னாள். அவளோ காய்ச்சலோடும் தையலோடும் படுக்கையில் கிடந்தாள். தவிர, அங்கே அம்மா என்று அவள் போய் நிற்கவும் முடியாது. காகிதத்தில் அம்மா வேறொருத்தி. பட்டம்மாளும் செந்தில்நாதனும் போனார்கள், அருளும் கூடவே ஓடினான். பன்னிரண்டு நாள் கழித்துப் பிள்ளை வீடு வந்தது. எல்லாம் நார்மல், கொஞ்சம் மெதுவாக வளர்வான், அவ்வளவுதான் என்றார்கள். ஒரே வீட்டில் ஒரே வயசில் இரண்டு பிள்ளைகள். ஒன்று குப்புற விழுந்தது, உட்கார்ந்தது, தவழ்ந்தது. இன்னொன்று மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. கேட்டால், ஒவ்வொரு புள்ளை ஒவ்வொரு மாதிரி என்பார்கள்.

அந்த ஸ்கேன் ஃபிலிமைக் கொண்டு வா என்று நான் நச்சரித்துக்கொண்டே இருந்தேன். மழையில் நனைந்துபோனது என்றார்கள். பிறகு வீடு வெள்ளை அடித்தபோது தொலைந்தது என்றார்கள். நனைந்தது எப்படித் தொலையும் என்று கேட்டேன். தேவயானி என்னைப் பார்த்துச் சிரித்தாள். அப்போதும் அவளுக்கு யார் மேலும் சந்தேகம் இல்லை.

உண்மையைப் போட்டு உடைத்தது சண்முகப்ரியாதான், அதுவும் பயத்தில். அவள் பிள்ளைக்கு இருமல் என்று கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போயிருக்கிறாள். டாக்டர் பழைய பேப்பர்களைப் புரட்டிவிட்டு, மேஜை மேல் ஏறப் பார்க்கிற பிள்ளையையும் பார்த்துவிட்டு, "இந்தக் குழந்தைக்கா மூளையில இவ்ளோ பாதிப்பு?" என்று கேட்டிருக்கிறார். இவள் ஏதோ உளறிவிட்டு, மருந்தும் வாங்காமல் வீட்டுக்கு ஓடி வந்தாள். தேவயானி பின்பக்கம் துணி அலசிக்கொண்டிருந்தாள்.

"ஒன் புள்ள மூளையில இருக்கறதெல்லாம் என் புள்ள பேர்ல எழுதி வச்சிருக்காங்கடீ! நாளைக்கி இவன எந்த ஸ்கூல்ல சேப்பேன்? அவரு வேல போனா யாரு சோறு போடுவா? ஒபகாரம் பண்ணப் போயி எங்க தலையில நாங்களே மண்ண அள்ளிப் போட்டுகினோம்!"

"இன்னாக்கா சொல்றீங்க? ஸ்கேன் நார்மல்னுதான சொன்னாங்க?"

சண்முகப்ரியா வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மாமியார் முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவர் தலை நிமிரவில்லையாம். அதைத்தான் தேவயானியால் தாங்க முடியவில்லை. "அத்த ஆச்சரியப்படவே இல்லீங்க மேடம்" என்று அன்று சாயங்காலம் என் அறையில் உட்கார்ந்து திரும்பத் திரும்பச் சொன்னாள்.

அவளுக்கே காரணம் புரிந்திருந்தது. ஸ்கேனில் கோளாறு என்று அவளுக்குச் சொன்னால், மறுபடி மறுபடி பாண்டிச்சேரி போக வேண்டும் என்பாள். ஒவ்வொரு தடவையும் சண்முகப்ரியா பெயரில் போக வேண்டும். எங்காவது மாட்டினால் செந்தில்நாதன் வேலை போய்விடும். அதனால் மூடிவிட்டார்கள். பிள்ளையின் மூக்குக் கறுப்பைப் பற்றிக் கேட்டபோது முந்திரி எண்ணெய் என்று சொல்லிவைத்தது வசதியாகப் போயிற்று. தன் மேலேயே பழி என்று நம்புகிறவள் யாரையும் கேள்வி கேட்க மாட்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு, அந்தக் குவார்ட்டர்ஸ் வாசலில் போய் நின்று பிளாக் முழுக்கக் கேட்கும்படி கத்தியிருப்பேன். தேவயானிதான் தடுத்தாள்.

"எங்க வூட்டுக்காரருக்கு எதுவும் தெரியாதுங்க. டீ வாங்கியாந்து குடுக்கறதுக்கும் மருந்து வாங்கறதுக்கும்தான் அவர வச்சிகினு இருந்தாங்க. தெரிஞ்சா ஒடைஞ்சிபோயிடுவாரு. நானே போயி என்னான்னு பாத்துட்டு வந்து மெதுவா சொல்றேன். நீங்க கூட வர்றீங்களாக்கா?"

அன்றுதான் முதல் தடவையாக என்னை அக்கா என்றாள். புதன்கிழமை எல்லாப் பயிற்சியையும் ரத்து செய்துவிட்டு அவளோடு பஸ் ஏறினேன்.

பாண்டிச்சேரியில் ரெக்கார்டு கவுன்டரில், "சண்முகப்ரியா குழந்தைக்கு நீங்க யாரு?" என்று கேட்டார்கள். தேவயானி என் பக்கம் திரும்பினாள். நான் நேராகக் குழந்தைகள் நரம்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போய், உள்ளதை உள்ளபடி சொன்னேன். அந்தம்மா சின்ன வயசுதான். பிள்ளையை வாங்கிச் சோதித்தார், காலிலிருந்த மச்சத்தைப் பழைய பேப்பரோடு ஒப்பிட்டார். பிறகு கம்ப்யூட்டரில் எம்.ஆர்.ஐ. படத்தைத் திறந்து திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

சாம்பல் நிறமாக இருக்க வேண்டிய இடங்களில் இரண்டு பக்கமும் பளீரென்று வெள்ளை. நடுவில் மூளையின் இரண்டு பாதியையும் இணைக்கிற பட்டையும் வெள்ளை.

"இந்த வெள்ளையெல்லாம் அன்னிக்கு வைரஸால அடிபட்ட இடம்" என்றார் டாக்டர். "கொசு மூலமா உங்களுக்கு வந்தது, பிரசவத்துல குழந்தைக்குப் போயிருக்கு. நீங்க செஞ்ச தப்பு எதுவுமே இல்ல."

"என் கையி..." என்று தேவயானி ஆரம்பித்தாள்.

அப்போதே பயிற்சி ஆரம்பித்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்குமா என்று கேட்டாள். எல்லாம் சரியாகியிருக்கும் என்று பொய் சொல்ல மாட்டேன் என்றார் டாக்டர். ஆனால் கை இவ்வளவு இறுகியிருக்காது, வலிப்பைக் கட்டுப்படுத்தியிருக்கலாம், அந்த மாதங்கள் மூளைக்கு ரொம்ப முக்கியமானவை என்றார். இனிமேல் சிகிச்சை பிள்ளையின் சொந்தப் பெயரில்தான் நடக்க வேண்டும், அதற்கு இந்த ஸ்கேன் இவனுடையது என்று அம்மா எழுதிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார். எழுதிக் கொடுத்தால் கம்பெனிக்கும் தகவல் போகும்.

தேவயானி பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு எழுதாமல் உட்கார்ந்திருந்தாள். "மாமா வேல போயிடும்க்கா. அவுங்க வூட்லதான இருக்கறோம். இவரு வேலயும் போயிடும். அவர ஒரு வார்த்த கேட்டுகினு..." என்று என்னிடம் முனகினாள்.

"பெத்தவங்க யாருக்கும் ஒண்ணும் சொல்லலைன்னு நீங்க சொல்றதுதான் எனக்குப் புரியல" என்றார் டாக்டர். "நான் டிஸ்சார்ஜ் அன்னிக்கு முக்கால் மணி நேரம் உக்காந்து விளக்கினேனே. அப்பா கையெழுத்துப் போட்டிருக்காரு." ஃபைலிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். தமிழில் நர்ஸ் கையால் எழுதியது. மூளையில் வைரஸ் பாதிப்பு இருப்பது எனக்கு விளக்கப்பட்டது. மூன்று வாரத்தில் தாயோடு குழந்தையை அழைத்து வர வேண்டும். கண், காது சோதனையும் பயிற்சியும் உடனே தொடங்க வேண்டும். நான்கைந்து மாதத்தில் குழந்தை தூங்கி எழும்போது திடீர் திடீரென்று தலை குனிந்து இரண்டு கையையும் தூக்கினால் அது வலிப்பு. ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் வர வேண்டும்.

தேவயானி விரல் வைத்து எழுத்துக் கூட்டுவதுபோல் மெதுவாகப் படித்துக்கொண்டே வந்தாள். அந்தக் கடைசி வரியில் விரல் நின்றுவிட்டது.

"வணக்கம் வைக்கிறான்னு சொன்னோம்க்கா" என்றாள். "அஞ்சாம் மாசம். தூங்கி எழுந்தா அப்படியே தலையக் குனிஞ்சி கையத் தூக்குவான், திரும்பத் திரும்ப. எல்லாரும் சுத்தி நின்னு சிரிப்போம். பெரிய மனுசன் வணக்கம் சொல்றான்னு இவருதான் செல்லுல வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல வச்சாரு."

நான் அவள் தோளைப் பிடித்தேன். அவள் அதைக் கவனிக்காமல் தாளின் அடிப்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தந்தையின் கையொப்பம் என்ற இடத்தில் செந்தில்நாதன் என்று தமிழில் எழுதி, அடியில் ஒரு கோடு இழுத்து, கோட்டுக்குக் கீழே இரண்டு புள்ளி வைத்திருந்தது.

"மாமா இங்கிலீஷ்லதான் கையெழுத்துப் போடுவாரு" என்றாள். "இந்தக் கோடும் புள்ளியும் எங்க வூட்டுக்காரரு போடறது. எங்க கல்யாண ரிஜிஸ்டர்ல இப்படித்தான் இருக்கும். மாமாவுக்கு அன்னிக்கி ஷிப்டு போல. இவரு வந்திருக்காரு."

மூளையின் படத்தைப் பார்த்தபோது தேவயானியின் கண் கலங்கியது. இந்தத் தாளைப் பார்த்தபோது கலங்கவே இல்லை. தலை வாரிப் பின்னிவிட்டவன், இந்த ஒன்பது மாதமும் அவள் கையில் துணி விரித்துப் பிள்ளையைத் தூக்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறான். அவள் என்னிடம் அதைச் சொல்லவில்லை. நான்தான் நினைத்தேன், நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. அவள் எதிரிலிருந்த வெள்ளைத் தாளை இழுத்து, எழுத ஆரம்பித்தாள். இந்த ஸ்கேனில் உள்ள குழந்தை என் மகன் விஜயராஜ், நான் அவன் தாய் தேவயானி, என்று தொடங்கி ஒன்று விடாமல் எழுதினாள். யாரையும் கேட்கவில்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு, அந்த விளக்கத் தாளுக்கு ஒரு நகல் வேண்டும் என்று மட்டும் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

நாலரை மணிக்கு நெய்வேலியில் இறங்கினோம். சண்முகப்ரியா சொல்லியிருப்பாள் போலிருக்கிறது, அருள் பைக்கோடு பஸ் ஸ்டாண்டில் காத்துக்கொண்டிருந்தான். சுரங்கத்து யூனிஃபார்மைக்கூட மாற்றவில்லை. எங்களைப் பார்த்ததும் ஓடி வந்து பிள்ளையை வாங்கக் கை நீட்டினான். தேவயானி பிள்ளையைக் கொடுக்காமல் நகலை மட்டும் நீட்டினாள்.

அவன் அதைப் பிரித்துப் பார்த்தான். படிக்கவில்லை. படிக்க என்ன இருக்கிறது, எல்லாம் தெரிந்ததுதானே. அப்படியே மடித்துக் கையில் வைத்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

"ஒனக்குப் பால் வத்திடும்னுதான் தேவி சொல்லல" என்றான். "ஜுரத்தோட கெடந்த. இதச் சொன்னா நீ தாங்க மாட்டே, பாலு நின்னுபோயிடும், புள்ளைக்கி அதுவும் இல்லாம போயிடும்னு நெனச்சேன். அப்புறம் சொல்லலாம், அப்புறம் சொல்லலாம்னு... அண்ணன் வேற..."

அவன் அழுதான். உண்மையாகத்தான் அழுதான், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

தேவயானி பிள்ளையைத் தோளில் சரியாகச் சாய்த்து, தொங்குகிற தலையை ஒரு கையால் தாங்கிப் பிடித்தாள்.

"பாலு வத்தியிருந்தா பவுடர் பாலு வாங்கிக் குடுத்திருக்கலாம்" என்றாள். "ஒம்பது மாசத்த எந்தக் கடையில வாங்கியாந்து குடுப்பீங்க?"

அவள் பிறந்த ஊரான முத்தாண்டிக்குப்பம் வழியாகப் போகிற பண்ருட்டி பஸ் வந்து நின்றது. அவள் என்னிடம் வெள்ளிக்கிழமை பயிற்சிக்கு எத்தனை மணிக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொண்டு அதில் ஏறினாள்.